கருவி கேட்ட மருமவனுக்கு மாமன் சொன்ன யோசனை

வா மருமவனே, உக்காரு. டேட்டாபேஸ் சர்வர்ல சிபியு உச்சியில நிக்கு, எதைக் கொண்டு பாக்கன்னு தெரியல, நல்ல ப்ரொஃபைலரா ஒண்ணு சொல்லுங்க மாமான்னு கேக்கே. நீ கேட்ட தோரணையிலயே தெரியுது, உன் மேனேஜர் ஏழெட்டுக் கருவி பேரை எழுதி அனுப்பி, எது உசத்தின்னு ஒரு ஒப்பீட்டு அட்டவணை கேட்டிருக்கான். நல்ல காரியம். பச்சையில டிக்கு, சிவப்புல இன்ட்டு எல்லாம் போட்டு ஒரு வாரத்தை மரியாதையா ஓட்டிரலாம். சர்வர் அதுபாட்டுக்கு மூச்சு வாங்கிட்டுக் கிடக்கட்டும்.

நானும் ஒரு காலத்துல சென்னையில கம்பெனி கம்பெனியா டேட்டாபேஸை மேய்ச்சவன்தான். இப்ப ஊர்ல எருமையை மேய்க்கேன். ரெண்டுல எது லேசுன்னு கேக்காதே. எருமை விஷயமா ராத்திரி ரெண்டு மணிக்கு யாரும் போன் பண்ணுததில்ல.

சரி, கருவிக்கு வருவோம். உனக்கு எது வேணும்னு முதல்ல சொல்லு. வேலை முடியணுமா, வேலை செய்யுத மாதிரி தெரியணுமா? ரெண்டாவதுதான்னா கூச்சப்படாம சொல்லு. அதுக்குத் தோதான கருவியும் என்கிட்ட இருக்கு.

படிச்சவன்னு பேர் வாங்கணும்னா ஜிப்ராஃப் எடு. பெர்க்லியில சூசன் கிரஹாம், பீட்டர் கெஸ்லர், மார்ஷல் மக்குசிக் மூணு பேரும் 1982-ல கட்டுரை எழுதி வெளிய விட்ட சாமான். அந்தக் காலத்துக்குப் பெரிய வித்தை. எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டுது, எவன் நேரத்தை எவன் கணக்குல எழுதணும்னு பிரிச்சுக் காட்டினது அதுதான். அதுக்கு நீ சர்வரை 'பிஜி' கொடியோட மறுபடியும் கம்பைல் பண்ணணும். ஒவ்வொரு ஃபங்ஷன் வாசல்லயும் ஒரு கணக்குப்பிள்ளை உக்காந்துக்கிடுவான். எல்லாம் ஓடி முடிஞ்சு, புரோகிராம் ஒழுங்கா நின்ன பிறகுதான் கணக்குக் கோப்பை எழுதிக் குடுக்கும். டேட்டாபேஸ் சர்வரோட தொழிலே நிக்காம ஓடுதது. அதை நிறுத்தினாத்தான் ஏன் மெதுவா ஓடுச்சுன்னு சொல்லும்! போதாக்குறைக்குப் பழைய லினக்ஸ்ல பல த்ரெட் ஓடுத புரோகிராம்னா, முதல் த்ரெட்டோட நேரத்தை மட்டும் எண்ணிட்டு மத்ததை விட்டுப்போடுத பழக்கமும் அதுக்கு இருந்துச்சு. மைஎஸ்கியூஎல்ல முதல் த்ரெட்டு என்ன செய்யுது? புதுசா வார இணைப்பை வாங்கி உள்ள அனுப்பிட்டுக் காத்துக்கிட்டு நிக்கு. அதோட கணக்கைப் பாத்துட்டு, 'சர்வர் சும்மாத்தான் இருக்கு'ன்னு ரிப்போர்ட் எழுதியிருக்கலாம். போஸ்ட்கிரெஸ்காரங்க ப்ரொஃபைலிங்குக்குன்னு தனி கம்பைல் வசதியே வச்சு, ஒவ்வொரு பேக்கெண்டும் சாவும்போது தன் கணக்கைத் தனித்தனி டைரக்டரியில எழுதிட்டுப் போவ வழி செஞ்சிருக்காங்க. ஆயிரம் இணைப்பு வந்து போனா ஆயிரம் கோப்பு. படிச்சு முடிக்க உனக்கு ஓய்வு வயசு வந்திரும்.

இன்னும் கொஞ்சம் நேரம் கடத்தணும்னா கால்கிரைண்ட் எடு. வால்கிரைண்ட் குடும்பத்துப் பிள்ளை. ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷன் விடாம எண்ணும். துல்லியம்னா துல்லியம், குறையே சொல்ல முடியாது. ஒரு பார்சரையோ, தனியா ஓட்டிப் பாக்கத் தோதான சின்ன வேலையையோ அலசணும்னா அதைப்போல வராது. ஆனா சர்வரையே அதுக்குள்ள ஓட்டினா பல பத்து மடங்கு மெதுவாப் போவும். அதோட, எத்தனை த்ரெட் இருந்தாலும் ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் ஓட விடும். 64 கோர் வாங்கி வச்சுக்கிட்டு, ஒத்தை கோர்ல வரிசையா நிக்க வைக்குது. அப்ப லாக்குச் சண்டை எப்படித் தெரியும்? சண்டைக்கு ரெண்டு பேர் ஒரே நேரத்துல வேணும்லா.

வேலை முடியணும்னுதான் வந்திருக்கேன்னா, நம்ம கம்மாய்க்கு வா. நூறு நாள் வேலை நடக்குல்லா, அம்பது பேர் மண் வெட்டுதாங்க. யார் எவ்வளவு நேரம் வெட்டுதாங்கன்னு தெரியணும். ஒரு வழி, ஆளாளுக்கு ஒரு நோட்டைக் குடுத்து, மம்பட்டியைத் தூக்கும்போதெல்லாம் ஒரு கோடு போடச் சொல்லுதது. கோடு போடவே பொழுது போயிரும். அதுலயும் சின்னச் சின்னதா அடிக்கடி வெட்டுதவன்தான் ரொம்ப மெதுவாப் போவான், கணக்குல அவன்தான் பெரிய குற்றவாளி மாதிரி நிப்பான். ஜிப்ராஃப் வாசல்ல உக்காத்தி வச்ச கணக்குப்பிள்ளை செய்யுதது அதைத்தான். இன்னொரு வழி, பொறுப்பாளரம்மா கரைமேல நடந்துக்கிட்டே அப்பப்ப திரும்பிப் பாத்து, அந்த நொடியில யார் கையில மம்பட்டி ஓடுதுன்னு குறிச்சுக்கிடுதது. நிறைய தடவை பாத்தா போதும். அடிக்கடி கண்ணுல பட்டவன் அதிக நேரம் வெட்டினவன். இதுக்குச் சாம்ப்ளிங்னு பேரு. வெட்டுதவனுக்குத் தொந்தரவும் கொஞ்சம்தான்.

தடவை மட்டும் போதுமான அளவு இருக்கணும். வருகைப் பதிவுக்குன்னு காலையில ஒரு போட்டோ, மத்தியானம் ஒரு போட்டோ எடுத்து செல்போன்ல ஏத்துதாங்கல்லா, அந்த ரெண்டு போட்டோவை வச்சு யார் உழைப்பாளின்னு தீர்ப்புச் சொல்ல முடியுமா?

லினக்ஸ்ல இந்தப் பொறுப்பாளரம்மா பேரு பெர்ஃப். 2009-ல 2.6.31 கர்னலோட வந்தது. மறு கம்பைல் வேண்டாம், சர்வரை நிறுத்த வேண்டாம். ஓடிக்கிட்டு இருக்கிற சர்வர் மேல முப்பது நொடி பாத்துட்டு இறங்கிரலாம். நொடிக்கு 99 தடவை பாருன்னு பெரியவங்க சொல்லுவாங்க. ஏன் 100 ஆகாதுன்னு கேட்டிருக்கியா? பொறுப்பாளரம்மா சரியா பத்து, பதினொண்ணு, பன்னெண்டுன்னு மணியடிச்சாப்புல வந்தா, அந்த நேரத்துக்கு மட்டும் மம்பட்டி ஓடும். சர்வருக்குள்ளயும் டைமரை வச்சுத் தாளம் தப்பாம ஓடுத வேலைகள் உண்டு. நீயும் அதே தாளத்துல பாத்தா, ஒண்ணு அதை எப்பவும் பாப்பே, இல்லன்னா எப்பவுமே பாக்க மாட்டே. தாளத்தை விட்டு ஒரு அடி விலகி நிக்கத்தான் 99. பதினாறு கோரும் மும்முரமா ஓடுதுன்னா, முப்பது நொடியில 47,520 தடவை பாத்திருப்பே. இது போதும். நொடிக்குப் பத்தாயிரம்னு வீரம் காட்டினா நீயே ஒரு சுமையா சர்வர் தலையில ஏறி உக்காந்துக்கிடுவே.

இங்கதான் உன் வயசுப் பசங்க எல்லாரும் வழுக்கி விழுதது. யார் கையில மம்பட்டின்னு பாத்தா மட்டும் போதாது. அவனை அங்க யார் அனுப்பினது, அவரை யார் அனுப்பினதுன்னு மேல வரைக்கும் கேக்கணும். 'மெம்காப்பி 12 சதவீதம்'னு ரிப்போர்ட் வரும். மெம்காப்பியை என்ன செய்ய? அடிக்கவா முடியும்? அதைக் கூப்பிட்டவன் சார்ட் பண்ணுதவனா, நெட்வொர்க்குக்கு அனுப்புதவனா, லாக் எழுதுதவனான்னு தெரிஞ்சாத்தான் ஒரு வழி பிறக்கும். அந்தக் கூப்பிட்ட சங்கிலியை எடுக்கத்தான் ஃபிரேம் பாயின்டர் வேணும். ஒரு ரெஜிஸ்டரை மிச்சம் பிடிக்கோம்னு ஜிசிசி பல வருஷமா அதை நீக்கிட்டு இருந்துச்சு. ஒரு ரெஜிஸ்டர் லாபம், ஒரு தலைமுறைக்கு மூணு அடிக்கு மேல சங்கிலி தெரியல. கடைசியில 2023-ல ஃபெடோரா 38-ம், 2024-ல உபுண்டு 24.04-ம், 'வேண்டாம்ப்பா, பாயின்டரே இருக்கட்டும்'னு தங்கள் பேக்கேஜ்களை அதோட கட்ட ஆரம்பிச்சாங்க.

உன் சர்வர் பழசுன்னா ரெண்டு குறுக்கு வழி. டுவார்ஃப் முறையில எடுத்தா, பெர்ஃப் ஒவ்வொரு தடவை பாக்கும்போதும் ஸ்டாக்குல இருந்து 8 கேபி வரைக்கும் அள்ளிக்கிட்டு வரும். சங்கிலி அழகா வரும். கோப்பும் அழகா வளந்து டிஸ்க்கை நிரப்பும். அதே டிஸ்க்லதான் உன் டேட்டாபேஸும் இருக்குன்னா அன்னைக்கு ஊரே உன்னைப் பத்திப் பேசும். எல்பிஆர்னு இன்னொண்ணு, இன்டெல் சிப்பே கடைசியாத் தாவின சில இடங்களை ஞாபகம் வச்சிருக்கும். சுமை கம்மி. ஞாபகமும் கம்மி. டேட்டாபேஸ்ல ஒரு சின்ன செலக்ட் கூட இருபது முப்பது படி இறங்கித்தான் வேலை செய்யும். அடி தெரியும், தலை தெரியாது.

ஃபங்ஷன் பேருக்குப் பதிலா வெறும் ஹெக்ஸ் எண்ணா வருதுன்னு என்கிட்ட வந்து நிக்காதே. டீபக் சிம்பல் பேக்கேஜைப் போடு. அதே நேரம், பேரு நல்லாத் தெரியட்டும்னு ஆப்டிமைசேஷனை அணைச்சுக் கம்பைல் பண்ணி அளக்குத புத்திசாலிகளும் இருக்காங்க. அது வேற சர்வர், அதோட நோயும் வேற. நீ அளக்கிறதும் ஊர்ல ஓடுததும் ஒரே பைனரியா இருக்கணும்.

இப்ப மேனேஜருக்கு வேண்டிய சாமான்: ஃபிளேம் கிராஃப். 2011-ல பிரெண்டன் கிரெக்னு ஒருத்தர் மைஎஸ்கியூஎல் பிரச்சினை ஒண்ணைத் துருவிக்கிட்டு இருந்தாரு. டிடிரேஸ்ங்கிற கருவி அவருக்கு அஞ்சு லட்சம் வரிக்கு மேல ஸ்டாக்கைக் கொட்டிருச்சு. அதைப் படிக்க முடியாம, ஒரே சங்கிலிகளை ஒண்ணா அடுக்கி, எத்தனை தடவை வந்துச்சோ அத்தனை அகலமா வரைஞ்சாரு. டேட்டாபேஸ் வயித்துவலியில பிறந்த படம் அது. எல்லாரும் மெச்சுதாங்க, பாதிப்பேருக்குப் படிக்கத் தெரியல. இடமிருந்து வலம் நேரம் ஓடுதுன்னு ஒருத்தன் விளக்கம் குடுப்பான். அது சும்மா அகர வரிசை. அதிகச் சிவப்பா இருக்கிறதுதான் ஆபத்துன்னு இன்னொருத்தன் விரலை நீட்டுவான். நிறம் குத்துமதிப்பாப் போட்டது. உயரமான கோபுரத்தைப் பாத்து மூணாவது ஆள் பயப்படுவான். உயரம்னா சங்கிலி நீளம், அவ்வளவுதான். நீ அகலத்தை மட்டும் பாரு, அதுலயும் உச்சியில தட்டையா அகலமா நிக்கிற இடத்தை. மத்த மூணு பேரும் கூட்டத்துல பேசட்டும். தலையை ஆட்டிக்கிட்டு இரு.

இனிமேதான் சூட்சுமமே. சர்வர் மெதுவா இருக்கு, சிபியுவும் சும்மா இருக்குன்னா என்ன செய்வே? பெர்ஃப் எடுத்து ஓட்டுவே. அது மம்பட்டி ஓடுதவனை மட்டும்தான் குறிக்கும். அம்பது பேருக்கு ஒத்தை மம்பட்டி, நாப்பத்தொம்பது பேரு மரத்தடியில வரிசையா உக்காந்திருக்கான்னு வை. கரைமேல இருந்து பாத்தா ஒரே ஆள் மட்டும் நல்லா உழைக்கான். அவனை இன்னும் வேகமா வெட்டச் சொல்லி நீ யோசனை சொல்லுவே. மரத்தடியைப் பாக்கணும்ங்கிற புத்தி வராது. டிஸ்க்குக்குக் காத்திருக்கிறதும், ரோ லாக்குக்குக் காத்திருக்கிறதும், மியூடெக்ஸுக்குக் காத்திருக்கிறதும் மரத்தடிக் கணக்கு. அதுக்குச் சிபியு ப்ரொஃபைலர் ஆகாது. ஈபிபிஎஃப் வழியா ஓடுத 'ஆஃப்சிபியுடைம்' மாதிரி ஒண்ணு வேணும். அது த்ரெட்டு தூங்கப்போன நேரத்தையும் முழிச்ச நேரத்தையும் குறிச்சு, எந்தச் சங்கிலியில தூங்குச்சுன்னு சொல்லும். அதுக்கும் முன்னாடி டேட்டாபேஸையே வாயைத் திறந்து கேளு. போஸ்ட்கிரெஸ் 9.6-ல இருந்து, 2016-ல இருந்து, எந்த பேக்கெண்டு எதுக்குக் காத்துக்கிட்டு நிக்குன்னு 'பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி'யில வெயிட் ஈவென்ட்டா எழுதி வச்சிருக்கு. மைஎஸ்கியூஎல்ல 5.5-ல இருந்தே பெர்ஃபாமன்ஸ் ஸ்கீமா இருக்கு. ஒரு செலக்ட் அடிச்சா வார பதிலுக்கு நீ கர்னல் வரைக்கும் குழி தோண்டுதே.

ஏழைக்கும் ஒரு கருவி உண்டு. பேரே ஏழை ஆள் ப்ரொஃபைலர்தான். மைஎஸ்கியூஎல் உலகத்துல டொமாஸ் மிட்டுசாஸ்னு ஒருத்தர் பரப்பினது. ஜிடிபி டீபக்கரைக் கொண்டு சர்வரை ஒரு நொடி நிறுத்தி, எல்லா த்ரெட்டும் எங்க நிக்குன்னு எழுதி, ஆக்ல போட்டு, சார்ட் பண்ணி எண்ணுதது. உழைக்கிறவன், தூங்குதவன் ரெண்டு பேரும் அதுல வருவான். அதுதான் அதோட பெருமை. ஆனா ஆயிரக்கணக்குல த்ரெட்டு இருந்தா, எழுதி முடிக்கிற வரைக்கும் சர்வர் அப்படியே உறைஞ்சு நிக்கும். ஏற்கெனவே தொங்கிப்போன சர்வர்ல அதை எடு. யாரும் கேக்க மாட்டாங்க. ஓடுத சர்வர்ல எடுத்தா, ஏன் தொங்குச்சுன்னு கண்டுபிடிக்க வந்தவனே தொங்கவிட்டவன்னு பேர் வாங்குவே.

இன்னொரு தந்திரக்காரன் இருக்கான். காத்திருக்கிறதையே உழைப்பு மாதிரி காட்டுதவன். ஸ்பின்லாக். மரத்தடியில உக்காராம, மம்பட்டிக்காரன் பக்கத்துலயே நின்னு வெறுங்கையை வீசிக்கிட்டு இருப்பான். பெர்ஃப்ல பாத்தா உச்சியில இவன்தான். போஸ்ட்கிரெஸ்ல 'எஸ் லாக்', இன்னோடிபில 'யூடி டிலே'ன்னு பேரு. இந்த ரெண்டு பேரை மேல கண்டா, அந்த ஃபங்ஷனை வேகமாக்க வழி தேடாதே. எதுக்காக அடிச்சுக்கிடுதாங்கன்னு சங்கிலியில மேல ஏறிப் பாரு. பல நேரம் மருந்து என்ன தெரியுமா? இணைப்பைக் குறைக்கிறது. ஆயிரம் இணைப்பைத் திறந்துவிட்டது நீதானே?

அப்புறம், சிபியு நூறு சதவீதம்னு காட்டினாலே சிபியு கணக்குப் போட்டுக்கிட்டு இருக்குன்னு அர்த்தமில்ல. மெமரியில இருந்து தகவல் வரட்டும்னு சிப்பு கையைக் கட்டி நிக்கிற நேரத்தையும் ஆபரேட்டிங் சிஸ்டம் வேலைக் கணக்குலதான் எழுதும். பெரிய ஹாஷ் ஜாயின்ல இது சாதாரணம். 'பெர்ஃப் ஸ்டாட்' அடிச்சு, ஒரு சைக்கிளுக்கு எத்தனை இன்ஸ்ட்ரக்‌ஷன் ஓடுதுன்னு பாரு. ஒண்ணுக்கு ரொம்பக் கீழ கிடந்தா மெமரிப் பக்கம் சந்தேகப்படு. அதுக்கு மேல நுணுக்கம் வேணும்னா இன்டெல்லோட வி-டியூன் இருக்கு. ஆனா கிளவுட்ல வாடகை மெஷின்ல உக்காந்து இதையெல்லாம் தேடாதே. பல இடத்துல ஹார்ட்வேர் கவுன்டரையே உள்ள விட மாட்டான். பெர்ஃப் சத்தமில்லாம சாதாரணக் கடிகாரத்துக்கு இறங்கி வந்து ஏதோ ஒரு படத்தைக் குடுக்கும். நீயும் சத்தமில்லாம அதை நம்பிருவே.

சோதனை ஓட்டத்துலயும் உன் சாமர்த்தியம் எனக்குத் தெரியும். பிஜிபென்ச்சையும் சர்வரையும் ஒரே மெஷின்ல ஓட்டுவே. பாதி சிபியுவைச் சோதிக்கிறவனே தின்னுட்டுப் போயிருப்பான். கேஷ் சூடாகுததுக்கு முன்னாடி அளந்துட்டு டிஸ்க்கைத் திட்டுவே. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்க ஒரு நொடி திணறுத சர்வரை அரை மணி நேரம் அளந்து, சராசரியில ஒண்ணுமே தெரியலைம்பே. திணறுத அந்த நொடியைப் பிடிக்கணும். அதுக்குப் பெர்ஃபை ஓடவிட்டு, நேர முத்திரையைப் பாத்து அந்த ஒரு நொடியை மட்டும் வெட்டி எடுக்கணும்.

எல்லாம் செஞ்சு ஒரு ஃபங்ஷன் 5 சதவீதம் தின்னுதுன்னு கண்டுபிடிச்சுட்டேன்னு வை. ராப்பகலா உக்காந்து அதை ரெட்டை வேகத்துக்குக் கொண்டுபோனா மொத்தத்துல ரெண்டரை சதவீதம் மிச்சம். அடியோட அழிச்சாலே அஞ்சுதான். அந்த வேலையைத் தொடுததுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுரு. தொட்ட பிறகு போட்டா மனசு ஒத்துக்கிடாது.

கடைசியா ஒண்ணு. எல்லாப் ப்ரொஃபைலருக்கும் ஒரு பிறவிக் குறை இருக்கு. எவன் எவ்வளவு உழைக்கான்னு சொல்லும், அந்த உழைப்பு தேவையான்னு சொல்லாது. மைஎஸ்கியூஎல்ல 'ரோ சர்ச் எம்விசிசி' உச்சியில நிக்குன்னா, அவன் பாவம், வரி வரியா மொத்த டேபிளையும் நேர்மையாப் படிச்சுக்கிட்டு இருக்கான். 'வேர்' நிபந்தனையில இருக்கிற நெடுவரிசைக்கு இன்டெக்ஸ் இல்லன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? நீ அவனோட கோடிங்கை நுணுக்கி நுணுக்கிப் படிச்சு, கம்பைலர் கொடியை மாத்தி, பத்து சதவீதம் ஏத்தி, பாராட்டும் வாங்கிருவே. அதனால பெர்ஃபைத் தொடுததுக்கு முன்னாடி மெதுவான குவெரி லாக்கைப் பாரு. போஸ்ட்கிரெஸ்னா 'பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ்'ல மொத்த நேரத்தை வச்சு வரிசைப்படுத்து. மேல நிக்கிற நாலு குவெரிக்கு எக்ஸ்ப்ளெயின் போடு. இந்தச் சோதனையில தப்பிச்சு வாரதுதான் ப்ரொஃபைலருக்கு உரிய நோய்.

இன்டெக்ஸ்தான் இல்லன்னு தெரிஞ்சா, போடுததுக்கு முன்னாடி ஒரு ஃபிளேம் கிராஃப், போட்ட பிறகு ஒரு ஃபிளேம் கிராஃப் எடுத்து வச்சுக்கோ. சம்பள உயர்வு கேக்கிற நாள்ல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல விரிச்சுக் காட்டலாம். இன்டெக்ஸ்னு வாயைத் திறக்காதே, 'கர்னல் அளவுல ஆராய்ஞ்சோம்'னு மட்டும் சொல்லு. அவசரத்துல பட்டப்பகல்ல போடுதேன்னா, போஸ்ட்கிரெஸ்ல 'கன்கரன்ட்லி' சேக்க மறந்திராதே. மறந்தா அந்த டேபிள்ல எழுத வார அத்தனை பேரும் இன்டெக்ஸ் முடியுற வரைக்கும் காத்துக்கிட்டு நிப்பான். அன்னைக்கு நீ எந்தச் சிபியு ப்ரொஃபைலரைக் கொண்டு வந்தாலும், அவன்ல ஒருத்தன் பேரும் அதுல வராது.